தொலைவிலிருக்கும் சீரியல் போர்ட்டை நெட்வொர்க் வழியாகத் திறக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைப் பக்கத்து அரிசி ஆலைகளிலும் ஐஸ் பெக்டரிகளிலும் இருக்கும் பழைய கருவிகளுக்கு இன்டர்நெட் தெரியாது. பின்பக்கத்தில் ஒரு சீரியல் போர்ட், அதாவது எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வயரில் அனுப்பும் பிளக், இருக்கும், அவ்வளவுதான். அதை நகரத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலைகளில் ஒன்று. போனில் வரும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பலகாமத்தில் ஓர் அரிசி ஆலை. லொறித் தராசின் எடை காட்டும் பெட்டியான இண்டிகேட்டரிலிருந்து ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் தரத்து வயர் புறப்பட்டு, யூஎஸ்பி மாற்றி வழியாக ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டருக்குள் போகிறது; இனி அதைப் பை என்றே சொல்கிறேன். பையில், சீரியல் போர்ட்டை நெட்வொர்க்குக்குத் திறந்துவிடும் செர்2நெட் என்ற புரோகிராம் ஓடுகிறது. பக்கத்தில் 4ஜி ரவுட்டர். உவர்மலையில் கணக்கு அலுவலகம். அங்கே விண்டோஸ் கொம்பியூட்டரில் பழைய தராசு மென்பொருள் காம்5 என்ற சீரியல் போர்ட்டைத் திறந்துவைத்து எடைக்காகக் காத்திருக்கிறது.

ஒன்றுமே வரவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நடுவிலிருந்து. இந்தப் பாதைக்கு நடு, பை பெட்டிதான். அதற்கு அந்தப்பக்கம் வயரும் தராசும், இந்தப்பக்கம் நெட்வொர்க்கும் அலுவலகமும். பையில் செர்2நெட்டை நிறுத்திவிட்டு, போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் மினிகாம் அல்லது பிகோகாம் கொண்டு போர்ட்டை நேரே திறந்து பாருங்கள். நிறுத்தாமல் திறந்தால் இரண்டு புரோகிராமும் ஒரே போர்ட்டில் கைவைத்து, எழுத்துகள் ஆளுக்குப் பாதியாகப் போகும். எடை ஓடுகிறதென்றால் தராசு, வயர், பாட் ரேட் (எழுத்துகளை அனுப்பும் வேகம்) மூன்றையும் அன்றைக்கு மறந்துவிடலாம். ஓடவில்லையென்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

ஆனால் எல்லோரும் முதலில் தொடுவது ரவுட்டரைத்தான். அதில் லைட் மினுங்குகிறது, அதனால் குற்றவாளி மாதிரித் தெரிகிறது. ஒருதரம் கிண்ணியாவில் ஓர் ஆலைக்காரர், "நெட் ஸ்லோ தம்பி, லொறி தராசில நிக்கக்குள்ள எடை வருதில்ல" என்றார். "லொறி இறங்கினாப் பொறகு வருதா நானா?" என்று கேட்டேன். "அப்ப வருது." நெட்வொர்க்குக்கு லொறி ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. போய்ப் பார்த்தால் இண்டிகேட்டரின் 9 பின் பிளக்கில் இரண்டு பக்கத் திருகாணியும் முடுக்கப்படவில்லை. லொறி எஞ்சினின் அதிர்வில் தராசறை மேசை ஆட, பிளக்கும் ஆடியிருக்கிறது. அதற்குள் அவர் இரண்டு சிம் மாற்றிவிட்டார்.

பையிலும் ஒன்றும் தெரியவில்லை. இண்டிகேட்டர் பழுதா?

அநேகமாக இல்லை. முதலில் மாற்றியைச் சோதியுங்கள். வயரைக் கழற்றிவிட்டு, மாற்றியின் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, ஃப்ளோ கண்ட்ரோலை (அனுப்பு, நிறுத்து என்று சொல்லும் ஏற்பாட்டை) நிறுத்திவிட்டு, மினிகாமில் எதையாவது தட்டுங்கள். தட்டியது திரும்பத் திரையில் வந்தால் மாற்றியும் பையும் நலம். "அனுமதி இல்லை" என்று வந்தால் உங்கள் பயனர் பெயர், போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்கப்படவில்லை. சேர்த்துவிட்டு வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள்.

அடுத்தது வயர். மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆர்எஸ்-232இல் அனுப்பும் பின், சும்மா இருக்கும் நேரத்தில் மைனஸ் வோல்ட்டில் நிற்கும். தரத்தின்படி அது மைனஸ் 3க்கும் மைனஸ் 15க்கும் இடையில் இருக்கலாம். இண்டிகேட்டர் பிளக்கில் 5ஆம் பின்னை நிலமாக (கிரவுண்ட்) வைத்து 2ஐயும் 3ஐயும் அளந்தால், மைனஸ் காட்டுவது எதுவோ அதுதான் அனுப்பும் பின். அது மாற்றியின் 2ஆம் பின்னுக்கு வந்து சேர வேண்டும், ஏனென்றால் கொம்பியூட்டர் பக்கத்தில் வாங்கும் பின் 2, அனுப்பும் பின் 3. இரண்டு பக்கமும் ஒரே பின்னில் அனுப்பினால் 2ஐயும் 3ஐயும் குறுக்காக மாற்றிய வயர் தேவை. கடையில் நல் மோடம் கேபிள் என்று கேளுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேலே ஒட்டியிருப்பதை நம்பாமல் மீட்டரால் பாருங்கள்.

இண்டிகேட்டரின் அமைப்பையும் பார்க்க வேண்டும். சில தராசு எடையைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும், சில கேட்டால்தான் சொல்லும், சில பிரிண்ட் பொத்தானை அமுக்கினால்தான் சொல்லும். கேட்டால் சொல்லும் தராசின் முன்னால் அரை மணித்தியாலம் சும்மா காத்திருந்தவர்கள் உண்டு. நானும் இருந்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: மாற்றி வாங்கக் காசில்லை என்று ஆர்எஸ்-232 வயரைப் பையின் சின்னப் பின் வரிசையில் நேரே குத்தாதீர்கள். அந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. வோல்ட்டை மாற்றும் மேக்ஸ்3232 போன்ற சிப் நடுவில் இல்லாவிட்டால் பை போய்விடும்.

எழுத்துகள் வருகின்றன, ஆனால் குப்பையாக வருகின்றன.

குப்பையிலும் சாதி உண்டு. எல்லாமே குப்பையென்றால் பாட் ரேட் பிழை. 9600, 4800, 2400, 19200 என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

பாதி சரியாக, பாதி குப்பையாக வந்தால்தான் சுவாரசியம். தராசுத் திரையில் ஒவ்வோர் எடையாகக் காட்டி, எந்த இலக்கங்கள் சரியாக வருகின்றன என்று எழுதுங்கள். 0, 3, 5, 6, 9 சரியாக வந்து, 1, 2, 4, 7, 8 மட்டும் கிறுக்கலாக வருகிறதா? அப்படியானால் தராசு 7 பிட், ஈவன் பாரிட்டியில் (ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாக வரச் சேர்க்கும் சோதனை பிட்டோடு) பேசுகிறது. நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லாமல் கேட்கிறீர்கள். '1' என்ற எழுத்தின் 7 பிட்டில் மூன்று பிட்டுகள் ஒன்றாக இருக்கின்றன. எண்ணிக்கையை இரட்டையாக்கத் தராசு பாரிட்டி பிட்டையும் ஒன்றாக்கி அனுப்புகிறது. அதை உங்கள் பக்கம் எழுத்தின் எட்டாவது பிட் என்று எடுத்துக்கொள்வதால் எழுத்தே மாறிவிடுகிறது. '3'இல் ஏற்கெனவே நான்கு பிட்டுகள் ஒன்று, கூட்ட ஒன்றுமில்லை, அதனால் தப்பிவிடுகிறது. தொடக்க பிட், நிறுத்த பிட் எல்லாம் சேர்த்தால் இரண்டு முறையிலும் ஓர் எழுத்துக்கு 10 பிட்தான். அதனால்தான் எந்தப் பக்கமும் பிழையென்று கத்தாது, அமைதியாகத் தப்பான எடையைக் காட்டும்.

அலுவலக மென்பொருளில் பாட் ரேட்டை மாற்றினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஏன்?

நீங்கள் மாற்றியது காம்5இல். அது உண்மையான போர்ட் இல்லை, மென்பொருள் உண்டாக்கிய நிழல். பையில் இருக்கும் உண்மையான போர்ட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டுமானால் இரண்டு முனையும் ஆர்எஃப்சி 2217 என்ற ஒழுங்கைப் பேச வேண்டும். 1997இல் வந்த இந்த ஒழுங்கு, டெல்நெட் என்ற பழைய தொலை இணைப்பு முறைக்குள்ளேயே பாட் ரேட், பாரிட்டி, டிடிஆர் (தயார் என்று காட்டும் கோடு) எல்லாவற்றையும் சொல்லி அனுப்ப வழிசெய்கிறது. இல்லாமல் வெறும் டிசிபியாக, அதாவது எழுத்துகளை மட்டும் கொண்டுபோகும் இணைப்பாக, வைத்திருந்தால் செர்2நெட் கோப்பில் எழுதியிருப்பதுதான் சட்டம். அலுவலகத்தில் எதைத் திருகினாலும் தம்பலகாமத்தில் ஒன்றும் அசையாது.

ஒரு முனை ஆர்எஃப்சி 2217, மறுமுனை வெறும் டிசிபி என்று கலந்துவைத்தால் இணைந்தவுடன் சில விசித்திர எழுத்துகள் தோன்றும். அவை டெல்நெட்டின் பேரம்பேசல், தராசுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. டெல்நெட் 255 என்ற பைட்டைத் தன் கட்டளைக்கு வைத்துக்கொள்கிறது. தரவில் 255 வந்தால் இரண்டாக்கி அனுப்பும். எடை மட்டும் அனுப்பும் தராசில் இது தெரியவராது. ஒரு கருவிக்குப் புதிய ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) ஏற்றும்போது கலந்துவைத்திருந்தால் கோப்பு கெட்டுப்போகும். ஃபர்ம்வேர் ஏற்றும்போது கவனிக்க இன்னொன்று: மென்பொருள் ஃப்ளோ கண்ட்ரோல் போட்டிருந்தால் 17, 19 என்ற பைட்டுகள் தரவென்று பாராமல் விழுங்கப்படும். நிறுத்திவையுங்கள்.

நேற்றுவரை வேலை செய்தது. கரண்ட் போய் வந்தபின் இல்லை.

போர்ட்டின் பெயர் மாறியிருக்கும். லினக்ஸ் யூஎஸ்பி மாற்றிகளுக்கு டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1 என்று முந்தியவருக்கு முதலிடம் என்ற கணக்கில் பெயர் கொடுக்கிறது. இரண்டு மாற்றி இருந்தால் கரண்ட் வந்தபின் தராசு 1 ஆகவும் மற்றது 0 ஆகவும் மாறிவிடலாம். செர்2நெட் கோப்பில் அந்தப் பெயரை எழுதாமல், சீரியல் கோப்புறைக்குள் இருக்கும் பை-ஐடி (by-id; நம் பை பெட்டி இல்லை) பாதையை எழுதுங்கள். சிஎச்340 சிப் உள்ள மலிவான மாற்றிகளில் தனி இலக்கம் இருப்பதில்லை. ஒரே மாதிரி இரண்டு செருகினால் பை-ஐடியும் குழம்பும். அங்கே பை-பாத் (by-path), அதாவது எந்த யூஎஸ்பி துளை என்பதை வைத்து அடையாளம் காண்பது. அப்புறம் துளை மாற்றிச் செருகக்கூடாது, மாற்றிமேல் ஒரு டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

பைக்குப் பதிலாகப் பழைய லாப்டொப்பில் உபுண்டு போட்டு வைத்திருப்பவர்களுக்கு வேறு இரண்டு தொல்லை. மோடம்களைத் தேடும் மோடம்மேனேஜர் என்ற சேவை, புதிதாகச் செருகிய போர்ட்டைச் சிலவேளை மோடம் என்று நினைத்துக் கட்டளைகள் அனுப்பிப் பார்க்கும். உபுண்டு 22.04இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் மென்பொருள் சிஎச்340ஐத் தன் கருவி என்று பிடித்துக்கொள்ளும். மாற்றியைச் செருகியதும் போர்ட் தோன்றி மறைந்தால் அதுதான். இரண்டும் தேவையில்லையென்றால் நீக்கிவிடலாம்.

செர்2நெட் 4ஆம் பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பு யாமல் (YAML) என்ற வடிவத்துக்கு மாறியது. பழைய வடிவத்தில் இருப்பதைப் புதிய யாமல் கோப்புக்குள் அப்படியே படியெடுத்துப் போட்டால் படிக்காது. யாமலில் உள்தள்ளலுக்கு டேப் விசையும் ஆகாது, வெறும் இடைவெளிதான்.

பையில் எடை ஓடுகிறது. அலுவலகத்திலிருந்து இணைக்க முடியவில்லை.

எப்படி முடியவில்லை என்பதைப் பாருங்கள். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால் நல்ல செய்தி: உங்கள் குரல் பைவரை போயிருக்கிறது, அங்கே அந்தப் போர்ட் இலக்கத்தில் (இது நெட்வொர்க் வாசல் இலக்கம், சீரியல் போர்ட் இல்லை) கேட்க ஆளில்லை. செர்2நெட் ஓடவில்லை, அல்லது 127.0.0.1இல், அதாவது பைக்குள்ளிருந்து வருவதை மட்டும், கேட்டுக்கொண்டிருக்கிறது. சிலவேளை மாதிரிக் கோப்பை அப்படியே வைத்திருப்பார்கள். அதில் அதே பொருளில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கலாம்.

நீண்ட நேரம் காத்திருந்து நேரம் முடிந்தது என்று வந்தால், குரலே போய்ச் சேரவில்லை. ஃபயர்வால் ஒன்று பேசாமல் விழுங்குகிறது, அல்லது விலாசமே பிழை.

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பைக்குத் திருப்பிவிடுவது) சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் நேரம் முடிந்தது என்றுதான் வருகிறது.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி விலாசத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், அல்லது 10இல் தொடங்கினால், அது உங்கள் சொந்த வெளி விலாசம் இல்லை. சிம் நிறுவனம் ஒரு பொது விலாசத்துக்குப் பின்னால் நிறையப் பேரை உட்காரவைத்திருக்கிறது. 4ஜி சிம்களில் இது வழக்கம். அந்த வாசல் உங்களுடையது இல்லாததால் உங்கள் ரவுட்டரில் எத்தனை ஃபார்வர்ட் போட்டாலும் பலனில்லை.

உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்புக்குத் தடையில்லை. அதனால் பையே வெளியே வந்து உங்களைச் சந்திக்கட்டும். பொது விலாசம் உள்ள ஒரு சின்ன வாடகை சேவரில் வயர்கார்டு என்ற விபிஎன் (தனிச் சுரங்க இணைப்பு) போட்டு, பையும் அலுவலகக் கொம்பியூட்டரும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதோடு இணைவது நான் வழக்கமாகச் செய்வது. பையின் அமைப்பில் பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25 என்று எழுத மறக்காதீர்கள். வயர்கார்டு போகும் யூடிபி வழி ஒன்றும் பேசாமலிருந்தால் அதை நடுவிலிருக்கும் கருவிகள் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். 25 செக்கனுக்கு ஒருதரம் பை இருமிக்கொண்டிருந்தால் மறக்காது. சேவர் ஏற்கெனவே இருந்தால் பையே வெளியே போய்த் திறந்துவைக்கும் எஸ்எஸ்எச் தலைகீழ்ச் சுரங்கமும் போதும்.

பொது விலாசம் கிடைத்தவர்களும் இதையே செய்ய வேண்டும். சீரியல் கருவிக்குக் கடவுச்சொல் கிடையாது. போர்ட்டை நேரே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டால், வந்தவரெல்லாம் உங்கள் தராசோடு கதைக்கலாம். தராசென்றால் வேடிக்கை. ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டியென்றால் யோசித்துப் பாருங்கள்.

"போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று வருகிறது. வேறு யாரும் இணையவில்லையே.

நீங்களேதான், போன தடவை வந்தவர். 4ஜி நடுவில் அறுந்தபோது உங்கள் பக்கம் இணைப்பு செத்தது; பையிடம் யாரும் சொல்லவில்லை. அது இன்னும் பழைய உங்களைக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தராசு தொடர்ந்து அனுப்பும் வகையென்றால், பதில் வராததைக் கண்டு லினக்ஸ் ஏறக்குறைய 15 நிமிடத்தில் கைவிடும். கேட்டால் சொல்லும் வகையில் பைக்கு அனுப்ப ஒன்றுமில்லை, சந்தேகமும் வராது. கீப்அலைவ் (மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) போட்டிருந்தாலும் லினக்ஸின் வழக்கமான அளவு 7200 செக்கன், அதற்குமேல் 75 செக்கன் இடைவெளியில் 9 தட்டல்: கூட்டினால் 2 மணித்தியாலம் 11 நிமிடம். கீப்அலைவ் இல்லையென்றால் முடிவே இல்லை.

செர்2நெட்டில் கிக்ஓல்ட்யூசர் என்ற தெரிவை இயக்குங்கள். புதியவர் வந்தால் பழையவர் வெளியேற்றப்படுவார். கீப்அலைவ் நேரத்தையும் ஒரு நிமிடத்துக்குக் குறையுங்கள். பையை ஒவ்வொரு முறையும் ஒஃப் பண்ணி ஒன் பண்ணச் சொல்லி ஆலைக்குப் போன் எடுப்பது தீர்வு இல்லை, காவலாளி ஒருநாள் உங்கள் போனை எடுக்கமாட்டார்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடையைப் பார்க்கலாமா?

பார்க்க மட்டுமென்றால் ஆம், செர்2நெட்டில் மேக்ஸ்-கனெக்ஷன்ஸ் அளவைக் கூட்டுங்கள். இரண்டு பேரும் கட்டளை அனுப்பினால் பதில் யாருக்கென்று தராசுக்குத் தெரியாது.

மென்பொருளில் காம் போர்ட் பட்டியலில் எங்கள் போர்ட்டே இல்லை.

காம்9க்கு மேல் விழுந்திருக்கும். பழைய விண்டோஸ் மென்பொருள்கள் சில காம்1 முதல் காம்9 வரைதான் காட்டும். நிழல் போர்ட்டின் இலக்கத்தைக் குறைத்துவிடுங்கள். நிழல் போர்ட் உண்டாக்கும் காம்0காம், அதை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஹப்4காம் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காம்0காம் உண்டாக்குவது ஒரு சோடி. ஒன்றை ஹப்4காம் திறக்க, மற்றதை மென்பொருள் திறக்க வேண்டும்.

எடை பாதி பாதியாக வருகிறது. ஐஸ் பெக்டரிக் கருவி பதிலே இல்லை என்கிறது. பையில் இரண்டும் சரியாக இருக்கின்றன.

இரண்டு வேறு நோய்.

பாதி எடை: டிசிபி எழுத்துகளை வரிசை மாறாமல் கொண்டுவரும், ஆனால் எந்த இடத்தில் வெட்டிக் கட்டும் என்று உத்தரவாதம் இல்லை. "012450" என்பது "012" ஒரு பொதியிலும் "450" அடுத்ததிலும் வரலாம். மென்பொருள் முதல் துண்டைக் கண்டதும் 12 கிலோ என்று பதிந்துவிடுகிறது. நீங்கள் எழுதிய மென்பொருளானால் வரி முடிவு எழுத்து வரும்வரை சேர்த்துவைத்துப் படியுங்கள்.

பதில் இல்லை: அந்தக் கருவி, தொழிற்சாலைக் கருவிகளின் சீரியல் மொழியான மொட்பஸ் ஆர்டியூ பேசுகிறது. அதில் ஒரு செய்தி முடிந்ததென்று காட்டுவது மௌனம்தான், மூன்றரை எழுத்து நேர மௌனம். 9600இல் அது ஏறக்குறைய 4 மில்லிசெக்கன். 4ஜியில் போய் வர அதைப்போலப் பல மடங்கு ஆகும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு அளவு. செய்தி நடுவில் வெட்டுப்பட்டால் கருவி அரைச் செய்தியை முழுச் செய்தியென்று எண்ணித் தூக்கி எறிகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் கொஞ்சம் சரிவரும், முழுக்கச் சரிவராது. சரியான வழி, மௌனத்தை நெட்வொர்க் வழியாக அனுப்பாமலிருப்பது: பையிலேயே, அதே மொழியை நெட்வொர்க்குக்கு ஏற்றபடி மாற்றும் மொட்பஸ் டிசிபி கேட்வே ஒன்றை 502ஆம் நெட்வொர்க் போர்ட்டில் ஓடவிட்டு, ஆர்டியூவை அந்த ஒரு முழ வயரோடு நிறுத்திவிடுங்கள். எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றியென்றால் அதன் வழக்கமான 16 மில்லிசெக்கன் தாமதத்தையும் 1 ஆகக் குறைக்கலாம்.

இணையும்போதெல்லாம் கருவி ரீசெட் ஆகிறது.

போர்ட்டைத் திறக்கும்போது டிடிஆர் கோடு உயரும், மூடும்போது விழும். சில கருவிகள் அதையே ரீசெட் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கருவிக்கு அந்தக் கோடு தேவையில்லையென்றால் 4ஆம் பின்னின் வயரை வெட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வருடத்தில் இரண்டு மாற்றி எரிகிறது. மாற்றி மட்டமா?

எப்போது எரிகிறது? சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் என்றால் மின்னல். தராசு வெளியே, மேடை இரும்பு, நிலம் ஓரிடம். பை இருக்கும் ஆலைக் கட்டடத்தின் நிலம் வேறிடம். ஆர்எஸ்-232இல் இரண்டையும் ஒரே நில வயர் கட்டிவைக்கிறது. அருகில் மின்னல் இறங்கும்போது இரண்டு நிலத்துக்கும் இடையிலான வித்தியாசம் அந்த மெல்லிய வயர் வழியாகத்தான் சமனாகப் பார்க்கும். ஒளியால் பிரிக்கும் ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போடுங்கள், அல்லது பையைத் தராசறைக்கே கொண்டுபோய் அங்கிருந்து வைஃபை கொடுங்கள்.

வயர் நீளமும் காரணமாகலாம். ஆர்எஸ்-232ஐ 15 மீட்டருக்குமேல் இழுக்காதீர்கள். அதற்கு மேலென்றால் நீண்ட தூரத்துக்கான ஆர்எஸ்-485. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர்வரை போகும், இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும்.

கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு, முக்கியமாகக் கொட்பே, நிலாவெளிப் பக்கம், உப்புக்காற்றில் பின் பச்சையாகிப்போவது தனிப் பிரச்சினை. வாடை தொடங்குமுன் ஒருதரம் கழற்றிக் கொன்டாக்ட் கிளீனர் அடியுங்கள். ஒருவர் என்னிடம் மான் வந்து வயரைக் கடித்ததென்றார். திருகோணமலை நகரில் மான் திரிவது உண்மைதான்; ஆனால் வயரில் இருந்த பல்லடையாளம் எலியினுடையது.

போனில் உதவி கேட்பதென்றால் என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?

மூன்று விஷயம். பையில் நேரே திறந்தபோது எடை ஓடியதா, இல்லையா. அலுவலகத்தில் வந்த பிழைச் செய்தி, அப்படியே ஒரு படமாக. இண்டிகேட்டரின் பாட் ரேட், பிட், பாரிட்டி அமைப்புப் பக்கத்தின் படம். நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், நினைவில் எல்லாத் தராசும் 9600தான். இவற்றோடு, பைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒருவரின் போன் நம்பரும் தாருங்கள். உவர்மலையில் இருப்பவரால் தம்பலகாமத்து பிளக்கை அசைத்துப் பார்க்க முடியாது.